கம்பியை விட்டுக் கிளம்பும் அலை

பண்ருட்டியைச் சுற்றி முந்திரிக் காடு. அதற்கு மேலே, நெய்வேலியிலிருந்து கிளம்பிய ஹைடென்ஷன் லைன் கோபுரம் கோபுரமாகத் தாவிப் போகும். நான் திருவதிகையில் பள்ளிக்கூடம் போன காலத்தில், ஒரு தூறல் நாளில் வீட்டு டிரான்சிஸ்டரைத் தூக்கிக்கொண்டு அந்த லைனுக்கு அடியில் போய் நின்றேன். மேலே கம்பி 'உஸ்ஸ்' என்று சீறிக்கொண்டிருந்தது. கையில் இலங்கை வானொலி பாடிக்கொண்டிருந்தது. கம்பியை நெருங்க நெருங்கப் பாட்டு கரகரப்பில் முழுகியது. அந்தப் பக்கம் நூறு தப்படி நடந்ததும் மறுபடி மேலே வந்தது.

கரன்ட் கம்பிக்குள்ளேதானே ஓடுகிறது, அது எப்படி என் ரேடியோவுக்குள் புகுந்தது என்று வாத்தியாரிடம் கேட்டேன். "மின்காந்த அலை" என்றார். பதில் சரிதான், ஆனால் பாதிதான் சரி. எந்த அலை, எங்கே பிறந்தது, கம்பியை விட்டு எப்படிக் கழன்றது என்று கேட்டுக்கொண்டே போனால் நெய்வேலி, ஊட்டி, விஜயநாராயணம் எல்லாம் ஒரே கேள்விக்குள் வந்து விழுகின்றன.

நெய்வேலியிலிருந்தே தொடங்கலாம். 1930-களில் ஜம்புலிங்க முதலியார் தம் நிலத்தில் தண்ணீருக்கு ஆழ்துளை போட்டபோது கருப்பாக ஏதோ மேலே வந்தது. அந்தப் பழுப்பு நிலக்கரியை எடுக்க 1957-இல் சுரங்கம் திறந்தார்கள். 1962-இல் மின்சாரம் வந்தது. கரி எரிகிறது, நீராவி டர்பைனைச் சுழற்றுகிறது, டர்பைனோடு பிணைத்த மின்காந்தம் செப்புச் சுருள்களுக்கு நடுவே நிமிடத்துக்கு 3,000 சுற்று சுற்றுகிறது. நொடிக்கு 50 சுற்று. அதுதான் நம் வீட்டு மின்சாரத்தின் 50 ஹெர்ட்ஸ். காந்தப்புலம் மாறினால் பக்கத்துக் கம்பியில் மின்சாரம் எழும் என்று மைக்கேல் ஃபாரடே 1831-இல் கண்டது அப்படியே இங்கே மெகாவாட் கணக்கில் நடக்கிறது.

அந்த மின்சாரம் திருவதிகைக்கு வருவதைப் பற்றிப் பலருக்கும் ஒரு தப்பான சித்திரம் உண்டு. குழாயில் தண்ணீர் வருகிற மாதிரி எலக்ட்ரான்கள் நெய்வேலியில் கிளம்பி இங்கே வந்து விளக்கெரிக்கின்றன என்று நினைக்கிறோம். நெய்வேலி எலக்ட்ரான் திருவதிகைக்கு வருவதே இல்லை. மாறுதிசை மின்சாரத்தில் ஒவ்வொரு எலக்ட்ரானும் நின்ற இடத்திலேயே முன்னும் பின்னும் ஆடுகிறது. தடித்த அலுமினியக் கம்பியில் 500 ஆம்பியர் ஓடினால் அந்த ஆட்டத்தின் நீளம் தலைமுடித் தடிமனில் நூற்றில் ஒரு பங்குகூட இல்லை. வந்து சேர்வது ஆற்றல். அதுவும் கம்பியின் உடம்புக்குள் வருவதில்லை. கம்பியைச் சுற்றியுள்ள வெளியில், மின்புலமும் காந்தப்புலமும் சேர்ந்திருக்கும் இடத்தில் வருகிறது. இதை 1884-இல் ஜான் ஹென்றி பாயின்டிங் கணக்குப் போட்டுக் காட்டினார். வண்டி வெளியில் ஓடுகிறது, கம்பி தண்டவாளம் மட்டும். இந்தப் பயணம் ஏறக்குறைய ஒளியின் வேகத்தில் நடப்பதால், 25 கிலோமீட்டர் தூரத்தைக் கடக்க நொடியில் பன்னிரண்டாயிரத்தில் ஒரு பங்கு போதும்.

அப்படியானால் கம்பிக்கு வெளியே இருக்கும் இந்தப் புலம்தான் அலையா? இங்கேதான் நிதானம் வேண்டும். கம்பியைச் சுற்றிப் புலம் இருப்பது வேறு, புலம் கம்பியை விட்டுப் போய்விடுவது வேறு.

இந்த வேறுபாடு கணக்கில் முதலில் தெரிந்தது ஜேம்ஸ் கிளார்க் மாக்ஸ்வெல்லுக்கு. மின்சாரத்துக்கும் காந்தத்துக்கும் எழுதிய சமன்பாடுகளிலிருந்து தானே பரவும் அலை ஒன்று வெளிப்பட்டது. அதன் வேகம் நொடிக்கு 3,10,740 கிலோமீட்டர் என்று வந்தது. ஃபிசோ என்பவர் அதற்கு முன் ஒளிக்கு அளந்த வேகம் 3,14,858. இரண்டு எண்களும் இவ்வளவு நெருக்கமாக இருப்பது தற்செயலாக இருக்க முடியாது, ஒளியே மின்காந்த அலைதான் என்று 1865-இல் வெளிவந்த கட்டுரையில் முடிவு கட்டினார். ஹைன்ரிச் ஹெர்ட்ஸ் ஜெர்மனியின் கார்ல்ஸ்ரூவில் 1887, 1888 ஆண்டுகளில் இரண்டு உலோகக் குண்டுகளுக்கு நடுவே தீப்பொறி பறக்கவிட்டார். தள்ளி வைத்திருந்த கம்பி வளையத்தின் இடைவெளியில் எதிரொலியாகச் சின்னப் பொறி ஒன்று தெறித்தது. அலை கையில் சிக்கிவிட்டது. அந்தத் தீப்பொறியை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், முந்திரிக் காட்டில் மறுபடி சந்திப்போம்.

கல்கத்தாவில் ஜகதீச சந்திர போஸ் இதை எதிர்த்திசையில் கொண்டுபோனார். மற்றவர்கள் நீண்ட அலைகளைத் தேடியபோது அவர் 5 மில்லிமீட்டர் வரை குறுகிய அலைகளை உண்டாக்கினார். 1895-இல் டவுன் ஹாலில் சுவருக்கு அப்பாலிருந்து மணியடிக்கவும் வெடிமருந்தைப் பற்றவைக்கவும் செய்து காட்டினார். 2022-இல் நம் நாட்டில் 5ஜி-க்கு ஏலம் விட்ட 26 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையின் அலைநீளம் ஒரு சென்டிமீட்டர் சொச்சம். போஸ் மேசைமேல் வைத்து விளையாடிய பிரதேசம் அது.

சரி, அலை எப்படிப் பிறக்கிறது? மாறும் மின்புலம் காந்தப்புலத்தைப் பெறும், மாறும் காந்தப்புலம் மின்புலத்தைப் பெறும், இப்படி ஒன்றையொன்று பெற்றுக்கொண்டே போகும் என்று பாடநூல்கள் சொல்லும். பக்கத்தில் இரண்டு நெளிகோடுகள் குறுக்கும் நெடுக்குமாக வரைந்திருக்கும். எனக்கு அந்த விளக்கம் பிடிப்பதில்லை. ஒன்று ஏறும்போது மற்றது இறங்கும் என்று படிக்கிறவர் நினைத்துவிடுவார். உண்மையில் தொலைவில் போகும் அலையில் இரண்டும் சேர்ந்தே ஏறுகின்றன, சேர்ந்தே இறங்குகின்றன. இரண்டுக்கும் தாய் ஒன்றுதான்: வேகம் மாறிய மின்னூட்டம்.

வீடு மாறியவருக்குப் பழைய விலாசத்திலேயே கொஞ்ச நாள் தபால் போய்க்கொண்டிருக்கும் இல்லையா, அப்படி நினைத்துப் பாருங்கள். ஓர் எலக்ட்ரான் சும்மா இருக்கிறது. அதைச் சுற்றி எல்லாத் திசையிலும் புலக்கோடுகள் நேராக நீள்கின்றன. திடீரென்று அதை ஒரு விரல் தள்ளி நிறுத்துகிறோம். பக்கத்திலுள்ள கோடுகள் புது இடத்தைக் காட்டும். தொலைவிலுள்ள கோடுகளுக்குச் செய்தி இன்னும் போகவில்லை. அவை பழைய இடத்தையே காட்டிக்கொண்டிருக்கும். செய்தி ஒளியின் வேகத்தில்தான் போக முடியும். இரண்டுக்கும் நடுவே கோடு முறிந்து, பக்கவாட்டில் மடங்கி இணைய வேண்டியிருக்கிறது. அந்த மடிப்பு வெளியே ஓடிக்கொண்டே இருக்கும். அந்த மடிப்புதான் அலை. எலக்ட்ரானை ஆட்டிக்கொண்டே இருந்தால் மடிப்பு மடிப்பாகக் கிளம்பும். ஒரே வேகத்தில் நேராகப் போகும் மின்னூட்டம் அலை எழுப்பாது, அதன் கோடுகளும் கூடவே போய்விடும். வேகம் கூட வேண்டும், குறைய வேண்டும் அல்லது திசை திரும்ப வேண்டும்.

மடிப்புக்கு இன்னொரு குணம் உண்டு. சாதாரண மின்புலம் பத்து மடங்கு தூரத்தில் நூறு மடங்கு மெலியும். மடிப்போ பத்து மடங்குதான் மெலியும். பக்கத்தில் சாதாரணப் புலத்தின் சத்தத்தில் மடிப்பு காதில் விழாது. போகப் போக மற்றது செத்துவிடும், மடிப்பு மட்டும் மிஞ்சும். ஆற்றல் கணக்கில் பார்த்தால் முதலாவது கைமாற்று: கம்பி ஆற்றலைச் சுற்றியுள்ள வெளிக்குக் கொடுக்கிறது, அரைச் சுழற்சிக்குள் திரும்ப வாங்கிக்கொள்கிறது. இரண்டாவது கோயில் உண்டியல்: போட்டது போட்டதுதான்.

எது எங்கே முடிந்து எது தொடங்குகிறது என்பதற்கு ஒரு தோராய அளவு உண்டு. அலைநீளத்தை 6.28-ஆல் வகுத்தால் வரும் தூரம். எஃப்.எம். அலைக்கு நீளம் 3 மீட்டர் என்றால் அந்த எல்லை அரை மீட்டருக்குள் வந்துவிடும். ஆன்டெனாவை விட்டு இரண்டடி நகர்ந்ததுமே அது சுதந்திரம். 50 ஹெர்ட்ஸுக்கு அலைநீளம் 6,000 கிலோமீட்டர். எல்லை 955 கிலோமீட்டர். நெய்வேலியிலிருந்து நேர் வடக்கே அளந்தால் இன்னொரு அனல் மின்நிலைய ஊரான மகாராஷ்டிரத்துச் சந்திரபூர் பக்கம் வந்து நிற்கும். திருவதிகை அந்த எல்லைக்குள்ளே எங்கோ வாசற்படி ஓரத்தில் இருக்கிறது. ஆகவே நம் தலைக்கு மேலே போகும் 50 ஹெர்ட்ஸ் புலம் கைமாற்றுக் கணக்குத்தான். போதாததற்கு லைனில் மூன்று ஃபேஸ். ஒன்று ஏற மற்றவை இறங்க, தள்ளிப் போனால் மூன்றும் சேர்ந்து ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும்.

கைமாற்று என்பதால் அது பொய்யில்லை. 400 கிலோவோல்ட் லைனுக்கு அடியில் இருட்டில் ட்யூப்லைட்டை வெறும் கையில் பிடித்தால் மங்கலாக மினுக்கும். 2004-இல் ரிச்சர்ட் பாக்ஸ் என்ற கலைஞர் இங்கிலாந்தில் பிரிஸ்டல் அருகே ஹைடென்ஷன் லைனுக்குக் கீழே 1,301 ட்யூப்லைட்டுகளை நாற்று நட்ட மாதிரி மண்ணில் ஊன்றி வைத்தார். இணைப்பே இல்லாமல் வயல் முழுக்க எரிந்தது.

நீண்ட அலையைக் கம்பியை விட்டுக் கிளப்புவது எவ்வளவு பாடு என்பதைப் பார்க்கத் திருநெல்வேலி மாவட்டத்து விஜயநாராயணத்துக்குப் போக வேண்டும். கடற்படையின் ஐ.என்.எஸ். கட்டபொம்மன் தளம் 1990 முதல் அங்கே இருக்கிறது. நீர்மூழ்கிகளுக்குச் செய்தி அனுப்ப 18.2 கிலோஹெர்ட்ஸ் அலை. உப்புத் தண்ணீர் ரேடியோ அலையை விழுங்கிவிடும். இவ்வளவு மெதுவாக அதிரும் அலைதான் சில மீட்டர்களாவது உள்ளே இறங்கும். அலைநீளம் 16 கிலோமீட்டருக்கு மேல். நல்ல ஆன்டெனா என்றால் அதில் கால்வாசி நீளமாவது வேண்டும், நாலு கிலோமீட்டர் உயரத்துக்கு யார் கம்பம் நடுவது? அங்குள்ள 471 மீட்டர் கம்பம் இந்தியாவின் மிக உயர்ந்த கட்டுமானம். அதுவும் அலைக்குக் குட்டைதான்.

அமெரிக்கக் கடற்படை இன்னும் கீழே போய்ப் பார்த்தது. விஸ்கான்சினிலும் மிச்சிகனிலும் காட்டுக்குள் மொத்தம் நூறு கிலோமீட்டருக்கு மேல் கம்பி இழுத்து 76 ஹெர்ட்ஸில் செய்தி அனுப்பினார்கள். பார்ப்பதற்கு நம் ஊர் லைன் மாதிரியே இருக்கும். லட்சக்கணக்கான வாட் உள்ளே ஊட்டினால் அலையாகக் கழன்று போனது சில வாட்தான். 2004-இல் மூடிவிட்டார்கள். கம்பியை விட்டு ஆற்றல் தப்பிவிடக் கூடாது என்று மின்வாரியம் விரும்புவதை இயற்கையே 50 ஹெர்ட்ஸில் இலவசமாகச் செய்து தருகிறது.

ரேடியோக்காரர்களுக்கு நேர் எதிரான ஆசை. சென்னையில் சி.வி. கிருஷ்ணசாமி செட்டி 1924-இல் தொடங்கிய ரேடியோ கிளப் முதலில் 40 வாட் டிரான்ஸ்மிட்டரை வைத்து ஒலிபரப்பியது. ஒரு குண்டு பல்பு எரியும் ஆற்றல். ஆனால் அலைநீளம் சில நூறு மீட்டர் என்பதால், மொட்டை மாடியில் இழுத்துக் கட்டிய கம்பிக்கே அது அடங்கும். இன்றைய சென்னை நிலையத்தின் 720 கிலோஹெர்ட்ஸுக்கு அலைநீளம் 416 மீட்டர், கால்வாசி 104 மீட்டர். மத்திய அலை நிலையங்களில் கம்பமே ஆன்டெனாவாக நிற்பது இந்தக் கணக்கால்தான்.

ஆன்டெனா இல்லாமலும் அலை பிறக்கும். நெய்வேலி பாய்லருக்குள் எரியும் கரியின் செந்நிறம் அலைதான். சூடான பொருளில் மின்னூட்டங்கள் ஒழுங்கில்லாமல் குலுங்குவதால் பல அதிர்வெண்களில் ஒரே சமயம் கிளம்புகிறது. அந்தக் கலவையின் கணக்கை மாக்ஸ் பிளாங்க் 1900-இல் தீர்க்கப் போய்த்தான் குவாண்டம் இயற்பியல் பிறந்தது. தெருவிலிருந்த பழைய சோடியம் விளக்கில் எலக்ட்ரான் படியிறங்கும்போது 589 நானோமீட்டர் மஞ்சள் வரும். விண்வெளியில் ஒளிவேகத்தை ஒட்டிப் பறக்கும் எலக்ட்ரான்கள் காந்தப்புலத்தில் வளையும்போது ரேடியோ அலையைச் சிந்துகின்றன. அதைப் பிடிக்கத்தான் கோவிந்த் ஸ்வரூப் ஊட்டியில் தொலைநோக்கி கட்டினார்: 530 மீட்டர் நீளம், 30 மீட்டர் அகலம், 1970-இல் வேலைக்கு வந்தது. அந்த மலைச்சரிவைத் தேர்ந்தெடுத்த விதம் இன்றைக்கும் எனக்கு வியப்பு. ஊட்டியின் அட்சரேகை 11 பாகை சொச்சம். சரிவின் சாய்வும் அதேதான். தொலைநோக்கியின் நீள அச்சு பூமியின் அச்சுக்கு இணையாகிவிடும். அதை ஒரே ஒரு திசையில் மெல்லத் திருப்பினாலே போதும், ஒரு விண்மீன் கூட்டத்தை ஒன்பது மணி நேரம் விடாமல் தொடரலாம்.

இனிப் பயணம். மாக்ஸ்வெல் காலத்தில் எல்லோரும் கேட்டது: அலை என்றால் எதில் அலை? குளத்தில் கல் போட்டால் தண்ணீர் ஆடுகிறது. இங்கே ஆடுவது எது? 'ஈதர்' என்று ஒன்றைக் கற்பித்துக்கொண்டார்கள். 1887-இல் மைக்கல்சனும் மோர்லியும் அதைத் தேடினார்கள், கிடைக்கவில்லை. ஆடுவது புலமே; அதற்கு ஊடகம் வேண்டாம். குளத்து உதாரணத்தை இன்னும் வகுப்பறைகளில் விடாப்பிடியாகச் சொல்லிக்கொண்டிருப்பது இதனால்தான் எனக்கு உறுத்துகிறது. வெற்றிடத்தில் அலையின் வேகம் நொடிக்கு 29,97,92,458 மீட்டர். 1983 முதல் இதை யாரும் அளப்பதில்லை. மீட்டரையே இதை வைத்துத்தான் வரையறுக்கிறார்கள்.

வெற்றிடத்தில் அலைக்குக் கதையே இல்லை. வழியில் பொருள் குறுக்கிடும்போதுதான் கதை. பகலில் 60 கிலோமீட்டருக்கு மேலே வெயில் உண்டாக்கும் மின்னூட்டப் படலம் மத்திய அலையை உறிஞ்சிவிடும். பொழுது சாய்ந்ததும் அந்தக் கீழ்ப்படலம் கரைகிறது. அதற்கும் மேலே இருநூறு, முன்னூறு கிலோமீட்டர் உயரத்தில் உள்ள படலம் அலையை மடக்கிக் கீழே அனுப்புகிறது. அப்படி ஒரு கூரை இருக்க வேண்டும் என்று கென்னலியும் ஹெவிசைடும் 1902-இல் ஊகித்தார்கள், ஆப்பிள்டன் 1924-இல் நிரூபித்தார். திருவதிகையில் மாலை மங்கியதும் கொழும்பு தெளிவாவதும், திடீரென்று தேய்ந்து மறுபடி பொங்குவதும் இதனால்தான். பல வழிகளில் வந்த அலைகள் சில நேரம் கைகோக்கும், சில நேரம் மல்லுக்கட்டும். அந்தக் காலத்து ரசிகர்கள் டிரான்சிஸ்டரைத் திருப்பித் திருப்பி வைத்தது மூடப்பழக்கம் அல்ல. உள்ளே கிடைமட்டமாக ஒரு ஃபெரைட் குச்சி இருக்கிறது. அதன் முனை நிலையத்தைப் பார்த்தால் ஒலி மங்கும், பக்கவாட்டைக் காட்டினால் ஓங்கும். கொழும்பு நமக்கு ஏறக்குறைய நேர் தெற்கு. குச்சி கிழமேற்காக இருக்க வேண்டும்.

மழைத்துளியும் அலையோடு பேசும். 2002-இல் சென்னையில் வைத்த டாப்ளர் ராடாரின் அலைநீளம் சுமார் 10 சென்டிமீட்டர். சில மில்லிமீட்டர்த் துளிகள் அதை எல்லாத் திசைக்கும் சிதறடிக்கும். திரும்பி வரும் துளியளவு எதிரொலிதான் புயலின் படம். துளியின் விட்டம் இரட்டித்தால் எதிரொலி 64 மடங்கு. வானத்தை நீலமாக்கும் சிதறலும் இதே விதிக்குக் கட்டுப்பட்டதுதான். 2011 டிசம்பர் 30 விடியலில் தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவே கரையேறியது. பலாவும் முந்திரியும் வேரோடு சாய்ந்தன, கம்பங்கள் முறிந்தன, செல்போன் டவர்கள் ஊமையாயின. பேட்டரி போட்ட பழைய டிரான்சிஸ்டர் மட்டும் வேலை செய்தது. அதற்கு உள்ளூரில் கம்பமும் வேண்டாம், டவரும் வேண்டாம்.

டவர் என்றதும் பயம் வருகிறது. இதையும் மறைக்காமல் பார்க்க வேண்டும். புற்றுநோய் ஆய்வுக்கான பன்னாட்டு முகமை மின்கம்பிகளின் காந்தப்புலத்தை 2002-இலும், ரேடியோ அலைகளை 2011-இலும் 'ஒருவேளை காரணமாகலாம்' என்ற பிரிவில் வைத்தது. கிழக்காசியாவில் சாப்பிடும் உப்பிலிட்ட காய்கறிக்கும் அதே பிரிவில்தான் இடம். 900 மெகாஹெர்ட்ஸ் அலையின் ஒரு துகள் சுமக்கும் ஆற்றல் கண்ணுக்குத் தெரியும் ஒளித்துகளின் ஆற்றலில் ஐந்து லட்சத்தில் ஒரு பங்குக்கும் குறைவு. அணுப் பிணைப்பை அறுக்கப் புறஊதா அளவாவது வேண்டும். மிஞ்சிப் போனால் சூடேற்றும், அதற்குத்தான் வரம்பு. இந்தியா 2012 செப்டம்பரில் டவர்களுக்கான வரம்பைப் பன்னாட்டு அளவில் பத்தில் ஒன்றாகக் குறைத்தது. டவரைப் பார்த்து நடுங்குகிறவர் காதில் ஒட்டியிருக்கும் செல்போனை மறந்துவிடுகிறார், தூரத்தில் அலை எவ்வளவு மெலியும் என்பதையும் மறந்துவிடுகிறார் என்பது என் கட்சி.

இனி அந்தக் கரகரப்பு. 50 ஹெர்ட்ஸ் அலை கழன்று போகாது என்றால் என் பாட்டை முழுக்கடித்தது எது? தூறலில் கம்பியின் அடிப்பக்கம் நீர்த்துளிகள் தொங்கும். துளியின் நுனி கூர்மை. அங்கே மின்புலம் குவிந்து காற்றையே உடைக்கும். 'உஸ்ஸ்' என்பது அதன் சத்தம். கம்பியைத் தாங்கும் பீங்கான் மீது படிந்த தூசும் உப்பும் ஈரமானால் அங்கேயும் பொறி ஊரும். ஒவ்வொரு பொறியும் நொடியில் கோடியில் ஒரு பங்கு அளவே வாழும். அவ்வளவு சட்டென்று வேகம் மாறும் எலக்ட்ரான்கள் மத்திய அலை வரிசை முழுக்கச் சிதறலாக அலையைக் கிளப்பும். ஹெர்ட்ஸ் இரண்டு குண்டுகளை வைத்துச் செய்ததை முந்திரிக் காட்டு லைன் ஆயிரம் துளிகளை வைத்துச் செய்கிறது. ஒரு ஃபேஸுக்கு இரண்டு கம்பியாக இடைவெளிவிட்டுக் கட்டியிருப்பதைக் கவனித்திருப்பீர்கள். கம்பி தடித்தது மாதிரி ஆகிப் புலத்தின் கூர்மை குறையும், பொறியும் குறையும்.

நீங்களே சோதித்துப் பார்க்கலாம். இடியில்லாத தூறல் நாளாகப் பாருங்கள். ஒரு டிரான்சிஸ்டரை மத்திய அலையில், எந்த நிலையமும் இல்லாத இடத்தில் வைத்துக்கொண்டு லைனுக்கு அடியில் குறுக்கே நடந்து பாருங்கள். எஃப்.எம்.முக்கு மாற்றினால் கரகரப்பு ஏறக்குறைய காணாமல் போகும். ஆனால் முந்திரிக்கும் முருங்கைக்கும் கொண்டுபோகும் தொரட்டியை, அதிலும் அலுமினியத் தொரட்டியை, அந்தப் பக்கம் தூக்கவே தூக்காதீர்கள். அந்தக் கம்பியைத் தொட வேண்டும் என்பதில்லை, பக்கத்தில் கொண்டுபோனாலே பாயும்.